பெல்ட்டா, டயரா? பண்ணை இயந்திரம் வாங்கும் முன் கேட்கும் கேள்விகள்

டிராக்டரோ அறுவடை இயந்திரமோ, கொஞ்சம் பெரிய வண்டியாக வாங்கப் போனால் இந்தக் கேள்வி வந்துவிடும்: சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பெல்ட் வைத்ததை எடுப்பதா, டயர் வைத்ததை எடுப்பதா? விற்பவர் ஒன்று சொல்வார், ஏற்கனவே ஓட்டுபவர் வேறு சொல்வார். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. எந்த வேலைக்கு, எந்த மண்ணில், எவ்வளவு எடையோடு என்பதைச் சேர்த்துப் பார்க்காததால்தான் குழப்பம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது நல்லது?

ஈரமான வயலில் தள்ளிப்போட முடியாத வேலை இருக்கிறது, அல்லது கனமான கலப்பையை நாள் முழுக்க இழுக்க வேண்டும் என்றால் பெல்ட். சாலையில் அதிகம் ஓட வேண்டும், ஒரே வண்டியில் பத்து விதமான வேலை செய்ய வேண்டும், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் டயர். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் முதலில் டயரின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்குக் காசு கிட்டத்தட்ட ஆகாது. பெல்ட் வாங்க நினைத்த பலருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

பெல்ட் வண்டி மண்ணை இறுக்காது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்த மறுபாதி தெரியாமல் பெரிய பணம் போடுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மண் இறுகுவதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மேல்மண் எவ்வளவு இறுகும் என்பதைத் தரையில் படும் அழுத்தம் தீர்மானிக்கிறது, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிலோ இறங்குகிறது என்பது. அடிமண் எவ்வளவு இறுகும் என்பதைப் பெரும்பாலும் ஓர் அச்சின் மேல் இருக்கும் மொத்த எடை தீர்மானிக்கிறது. அழுத்தத்தை அகலமாகப் பரப்பினால் மேல்மண் தப்பிக்கும். ஆனால் எடை காணாமல் போவதில்லை, மண்ணுக்குள் கீழே இறங்கத்தான் செய்யும். பரப்பு பெரிதாக ஆக, அதே அழுத்தம் இன்னும் ஆழத்துக்குப் போய் எட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 டன் டிராக்டர், இரண்டு பெல்ட். ஒவ்வொன்றும் 45 செ.மீ அகலம், தரையைத் தொடும் நீளம் 220 செ.மீ. மொத்தப் பரப்பு 19,800 சதுர செ.மீ. வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ, சுமார் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அளவு). டயரில் இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தோடு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ சேர்த்தால் தரையில் படும் அழுத்தம் ஏறத்தாழ வந்துவிடும். அதே 10 டன் வண்டி இரட்டை டயரில் 8 பிஎஸ்ஐ காற்றோடு ஓடினால் தரையில் 9 அல்லது 10. பெல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதே டயரில் 24 பிஎஸ்ஐ அடித்து வைத்திருந்தால் 25க்கு மேல். பெல்ட்டுக்கும் டயருக்கும் வித்தியாசம் மலையளவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வண்டியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த வயல் சோதனைகளும் இதையே காட்டின: சரியான குறைந்த காற்றழுத்தத்தில் ஓடிய டயர்கள் பெல்ட்டுக்கு ஏறக்குறைய ஈடு கொடுத்தன, காற்று அதிகம் அடித்த டயர்கள்தான் மண்ணை மோசமாக இறுக்கின.

இன்னொன்று. மேலே சொன்ன 7 பிஎஸ்ஐ என்பது சராசரி. பெல்ட்டுக்கு நடுவில் எடையைத் தாங்கும் ரோலர்கள் இருக்கும். அந்த ரோலர்களுக்கு நேர் கீழே அழுத்தம் சராசரியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுவதும் உண்டு. பின்னால் கனமான கருவி தொங்கி, எடை பின்பக்கமே சாய்ந்திருந்தால் பெல்ட்டின் முன்பாதி சும்மா உருள்கிறது, பின்பாதி எல்லாவற்றையும் சுமக்கிறது. பெல்ட் வண்டி வாங்கியவர்கள் முன்பக்க எடைக்கட்டிகளைச் சரியாகப் பொருத்தாமல் விட்டால் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய நீளத்தில் பாதி வீண்.

அடிமண் இறுகினால் என்ன? அடுத்த உழவில் சரியாகிவிடாதா?

மேல்மண் சரியாகும். அடிமண் ஆகாது. பொதுவாக ஓர் அச்சில் 5 டன்னுக்குள் இருந்தால் பாதிப்பு பெரும்பாலும் உழவு ஆழத்தோடு நின்றுவிடும். 10 டன்னை எட்டிவிட்டால், மண் ஈரமாக இருக்கும்போது, 40 செ.மீக்குக் கீழேயும் இறுகும். அவ்வளவு ஆழத்தில் எந்தச் சாதாரணக் கலப்பையும் போவதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த மண்ணியலாளர் ஹோகான்சன் (Inge Håkansson) ஒருங்கிணைத்த, பல நாடுகளில் நடந்த தொடர் சோதனைகள் 10 டன் அச்செடையைத்தான் பயன்படுத்தின. குளிர்காலத்தில் மண் ஆழமாக உறைந்து உருகும் நாடுகளில்கூட அடிமண்ணின் இறுக்கம் ஆண்டுக்கணக்கில் போகவில்லை. உறைபனி தளர்த்தாததை ஒரு கோடை வெயில் தளர்த்திவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி 'பெல்ட் இருக்கிறதா' என்பதல்ல, 'ஒவ்வொரு அச்சிலும் எத்தனை டன்' என்பது.

டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

ஒரே எண்ணை எல்லாருக்கும் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழி இதுதான்: கருவியைப் பொருத்தி வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். தூக்கிச் செல்லும் கருவி என்றால் தூக்கிய நிலையில் எடை போடுங்கள், பின்னச்சில் எடை உச்சத்துக்குப் போவது அப்போதுதான். முன்னச்சு, பின்னச்சு தனித்தனியாகப் போட்டு, ஒரு டயருக்கு எவ்வளவு வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு டயர் நிறுவனம் தரும் எடை-அழுத்த அட்டவணையில், உங்கள் வேகத்துக்கு நேராக, அந்த எடையைத் தாங்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் எண்.

வேகம் ஏன் வருகிறது என்றால், மணிக்கு 10 கி.மீயில் தாங்கும் எடையை 40 கி.மீயில் தாங்க அதே டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். வயலுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் வரும். பெரும்பாலானவர்கள் சாலைக்கான எண்ணை வைத்துக்கொண்டே வயலிலும் ஓட்டுகிறார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே காற்றை ஏற்றி இறக்கும் அமைப்பு சில பெரிய டிராக்டர்களில் தொழிற்சாலையிலேயே வருகிறது, வெளியில் வாங்கியும் பொருத்தலாம். வயலுக்கும் சாலைக்கும் தினமும் மாறி மாறிப் போகிறவருக்கு, என் கணிப்பில், பெல்ட்டைவிட முதலில் யோசிக்க வேண்டிய செலவு அது.

ரேடியல் டயரின் (பக்கச்சுவர் நெகிழ்ந்து கொடுக்கும் வகை) பக்கச்சுவர் கொஞ்சம் பிதுங்கி நின்றால் பயப்பட வேண்டாம். அப்படிப் பிதுங்கினால்தான் பட்டன்கள், அதாவது மண்ணைப் பற்றும் மேடான ரப்பர் கட்டைகள், நீளவாக்கில் தரையில் படியும். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும் பழைய பயாஸ் வகை டயர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது காற்றிறங்கிய டயர் போலத் தெரியும், உடனே போய்க் காற்றடித்துவிடுவார்கள். அளவுமானியை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். அதேபோல டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை ஏற்றும் பழக்கம்: முக்கால் பங்கு தண்ணீர் இருந்தால் டயர் விறைத்துப்போகும், ரேடியல் வாங்கியதன் பலனே போய்விடும். எடை வேண்டுமென்றால் இரும்பு எடைக்கட்டிகளே மேல்.

ஐஎஃப், விஎஃப் என்று டயரில் போட்டிருக்கிறதே?

அதிகம் வளைந்து கொடுக்கும்படி செய்த ரேடியல் டயர்கள். அதே அளவுள்ள சாதாரண ரேடியலோடு ஒப்பிட்டால், அதே காற்றழுத்தத்தில் ஐஎஃப் 20 சதவீதம் கூடுதல் எடை தாங்கும், விஎஃப் 40 சதவீதம். அல்லது அதே எடையை அந்த அளவுக்குக் குறைந்த காற்றில் தாங்கும். விலை கூடுதல். சிலவற்றுக்கு அகலமான ரிம் தேவைப்படும், அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெல்ட்டுக்கும் டயருக்கும் இருந்த இடைவெளியைக் குறைத்தவை இவைதான். வாங்கிவிட்டுப் பழைய அழுத்தத்தையே வைத்தால் ஒரு பயனும் இல்லை.

இழுவையில் பெல்ட் எவ்வளவு மேல்?

உதிரியான, உழுத மண்ணில் நன்றாகவே மேல். நீளமான தரைப்பிடிப்பு, நிறைய பட்டன்கள் ஒரே நேரத்தில் மண்ணைப் பற்றுவது, முன்பாதி அமுக்கிய மண் மேலேயே பின்பாதி ஏறிப் போவது எல்லாம் சேர்ந்து வழுக்கலைக் குறைக்கின்றன. பெல்ட் வண்டி சரியான சுமையில் 2 முதல் 5 சதவீதம் வரை வழுக்கும். டயர் வண்டிக்கு 8 முதல் 15 சதவீதம் வரை இயல்பு. கெட்டியான, காய்ந்த நிலத்தில் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அங்கே பெல்ட்டுக்குள் ஏற்படும் உராய்வே கொஞ்சம் சக்தியைத் தின்னும்.

உங்கள் டிராக்டர் எவ்வளவு வழுக்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கருவி மண்ணில் வேலை செய்யும்போது டயர் 10 சுற்றுப் போகும் தூரத்துக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் குச்சி நடுங்கள். பிறகு கருவியைத் தூக்கிவிட்டு அதே தூரத்தை ஓட்டி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 9 வந்தால் வழுக்கல் 10 சதவீதம், நல்ல நிலை. எட்டரை வந்தால் 15, எல்லையில் இருக்கிறீர்கள். 8 வந்தால் 20 சதவீதம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு சுழற்சி வீணாகிறது. எண்ணப் பொறுமை இல்லாதவர் மண்ணில் பதியும் தடத்தைப் பார்க்கலாம். பட்டன் அச்சு அப்படியே வெட்டி வைத்தது போல இருந்தால் எடை அதிகம். முழுக்க அழிந்து கலைந்திருந்தால் எடை போதாது. ஓரத்தில் அச்சு தெரிந்து நடுவில் கலைந்திருந்தால் சரி.

பெல்ட் வாங்கும் எண்ணம் இழுவைக்காக என்றால் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். 10 சதவீதத்தில் ஓடும் டயர் டிராக்டருக்குப் பதிலாகப் பெல்ட் வாங்கினால் மிச்சம் பெரிதாக இருக்காது.

அறுவடை இயந்திரத்துக்கு?

இங்கே என் சாய்வு பெல்ட் பக்கம். காரணம் எளிது. உழவை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், விளைந்து நிற்கும் பயிரைத் தள்ளிப்போட முடியாது. மழைக்கு நடுவில் கிடைக்கும் இரண்டு நாளில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

எடையும் அங்கேதான் அதிகம். பெரிய அறுவடை இயந்திரத்தின் தானியத் தொட்டி மட்டும் நிறைந்தால் 8 டன் வரும். வெட்டும் பகுதி முன்னால் தொங்குகிறது. மொத்தம் 30 டன்னை எட்டும் வண்டியில் பெரும்பங்கு முன்னச்சில்தான் விழும். அதனால்தான் பல இயந்திரங்களில் முன்னால் மட்டும் பெல்ட், பின்னால் திருப்பும் சக்கரம் என்ற அமைப்பு வந்தது. அகலமான இரட்டை டயர் போட்டும் சமாளிக்கலாம், ஆனால் வண்டியின் மொத்த அகலம் கூடி, சாலையிலும் பாலத்திலும் வாசலிலும் இடிக்கும். பெல்ட் நீளவாக்கில் பரப்பைக் கொடுப்பதால் அகலம் கூடுவதில்லை.

பக்கத்தில் ஓடித் தானியத்தை வாங்கிக்கொள்ளும் தானிய வண்டியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வயலில் அச்செடை மிக அதிகமாக இருப்பது பல நேரம் அதில்தான். முழுச்சுமையும் ஒற்றை அச்சில், அதுவும் சாலைக்கு ஏற்ற கெட்டிக் காற்றோடு. பெல்ட் போட்ட அறுவடை இயந்திரத்தை வாங்கிவிட்டு, பக்கத்தில் இப்படி ஒரு வண்டியை வயல் முழுக்க அலைய விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தொட்டியைப் பாதியிலேயே இறக்குங்கள். தானிய வண்டியை ஒரே தடத்தில் போகவர விடுங்கள். முதல் தடவை ஏறும்போதே மொத்த இறுக்கத்தில் முக்கால் பங்கு நடந்துவிடுகிறது. அடுத்தடுத்து அதே தடத்தில் போவதால் வரும் கூடுதல் சேதம் குறைவு. வயல் முழுக்கச் சுற்றினால் வயல் முழுக்க முதல் தடவைதான்.

நெல் வயலுக்கு எது?

அறுவடைக்கு, தண்ணீர் சரியாக வடியாத வயலில், பெல்ட் இயந்திரம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டயர் இயந்திரம் போட்டுவிட்டுப் போகும் ஆழமான தடங்களை அடுத்த பட்டத்தில் சமன்செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வரப்பு வரை காய்ந்து கெட்டியான வயலில் டயர் இயந்திரம் வேகமாக முடித்துவிட்டுப் போகும், அங்கே பெல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சேற்றுழவு வேறு கதை. நெல் வயலின் சேற்றுக்குக் கீழே இருக்கும் கெட்டியான அடித்தட்டுதான் தண்ணீரை நிறுத்தி வைக்கிறது, வண்டியையும் தாங்குகிறது. அங்கே வேண்டியது அந்தத் தட்டைப் போய்த் தொடும் பிடிப்பு. கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரமும், ஆழமான பட்டன் வைத்த ஆர்-2 வகை டயரும் அந்த வேலைக்கென்றே வந்தவை. ஆர்-2வின் பட்டன் சாதாரண ஆர்-1 டயரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழம். கனமான வண்டியை இறக்கி அடித்தட்டை உடைத்துவிட்டால் அடுத்த வண்டி அதே இடத்தில் புதையும், தண்ணீரும் நிற்காது.

சாலையில் பெல்ட் தேயுமா?

தேயும், சூடாகும். ரப்பர் பெல்ட்டுக்கு வெப்பம்தான் பகை. வேகமாக, நீண்ட தூரம், கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு, வெயில் நேரத்தில் தார்ச்சாலையில் ஓடினால் பட்டன்களுக்குள் வெப்பம் சேர்ந்து துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். சாலை நடுவில் மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருப்பதால் பெல்ட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் எடை விழுந்து சீரற்றுத் தேயும். உங்கள் வயல்கள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளியிருந்தால் இந்த ஒரு காரணமே டயரை எடுக்கப் போதும். இல்லையென்றால் வண்டியை லாரியில் ஏற்றிப் போகும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

இரும்புச் செயின் வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது. சாலை போய்விடும்.

திரும்பும்போது மண்ணைப் பிய்க்கிறதே?

இரண்டு பெல்ட் வண்டி, ஒரு பக்கத்தைக் குறைத்து மறுபக்கத்தை வேகப்படுத்தித்தான் திரும்புகிறது. அப்போது பெல்ட் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளிச் சிறு வரப்பு போலக் குவிக்கும். சின்ன அறுவடை இயந்திரங்களில் ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டு நின்ற இடத்தில் சுற்றுவார்கள். பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும், மூலை முழுக்கக் குழியாகிவிடும். வளைவைப் பெரிதாக எடுங்கள். இடம் இல்லையென்றால் முன்னே போய்ப் பின்னே வந்து மூன்று வெட்டில் திருப்புங்கள்.

நடுவில் மடங்கும் நான்கு பெல்ட் டிராக்டர்களில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு, ஒவ்வொரு பெல்ட்டும் தன் போக்கில் உருண்டு திரும்புகிறது. ஆனால் அவற்றின் எடையும் விலையும் வேறு உயரத்தில் இருக்கின்றன. பெரிய பண்ணைக்கு மட்டும்.

இருக்கும் டிராக்டரில் டயரைக் கழற்றிவிட்டு பெல்ட் மாட்டலாமா?

மாட்டலாம், அதற்கென்றே முக்கோண வடிவப் பெல்ட் தொகுதிகள் விற்கின்றன. பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்ளும் வசதி நல்லதுதான். மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பெல்ட்டை ஓட்டும் சக்கரம் டயரைவிடச் சிறியது. அதனால் அதே கியரில் வேகம் குறையும், வேகமானி தப்பாகக் காட்டும். அடுத்தது, வண்டியின் எடை கூடும், அச்சுக்கும் கடைசிக் கியருக்கும் சுமை கூடும். டிராக்டர் நிறுவனம் இதை ஏற்கிறதா, உத்தரவாதம் தொடருமா என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, முன்சக்கரமும் இயங்கும் வண்டியில் முன்னும் பின்னும் ஓடும் வேக விகிதம் பொருந்த வேண்டும், முன்சக்கரம் ஓரிரு சதவீதம் முந்தி ஓடும்படி. டயர் அளவை மாற்றினாலும் இதே விதிதான். பொருந்தாவிட்டால் உள்ளே கியர்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு தேயும்.

பராமரிப்பில் எது தொல்லை?

பெல்ட். டயரில் காற்று, வெட்டு, போல்ட் இறுக்கம் பார்த்தால் போதும். பெல்ட்டில் இழுவிசை, நேர்க்கோடு, ரோலர்களின் எண்ணெய், உள்ளே அடையும் சேறு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் சேற்றைத் தள்ளிவிடுங்கள், காய்ந்தால் கல்லாகிவிடும். பெல்ட்டின் உட்புறம் நடுவில் வரும் வழிகாட்டிப் பற்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் நேர்க்கோடு விலகியிருக்கிறது என்று பொருள், உடனே சரிசெய்யுங்கள். புதுப் பெல்ட்டை முதலில் தூசி பறக்கும் காய்ந்த வயலில் ஓட்டிப் பழக்குங்கள். அந்தத் தூசி உட்புற ரப்பருக்கு உலர்ந்த மசகு போல வேலை செய்யும். புதுப் பெல்ட்டோடு நேராகத் தார்ச்சாலையில் நீண்ட பயணம் கிளம்புவதுதான் அதைச் சீக்கிரம் கொல்லும் வழி.

டயர் பஞ்சரானால் ஒட்டலாம். பெல்ட் கிழிந்தால் பெரும்பாலும் புதிதுதான், அதை மாற்றக் கனமான தூக்கி வேண்டும், அறுவடை நடுவில் ஒரு நாள் போய்விடும். அறுத்த மக்காச்சோளத் தட்டையும் பருத்திக் கட்டையும் டயர், பெல்ட் இரண்டையுமே குத்திக் கிழிக்கும், கூர்மையான கல்லும் அப்படியே.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பெல்ட்டில் பட்டன் உயரத்தை எல்லாரும் பார்ப்பார்கள். குனிந்து உள்ளே பாருங்கள். வழிகாட்டிப் பற்கள் பிய்ந்திருக்கின்றனவா, ஓரத்தில் எஃகுக் கம்பி வெளியே தெரிகிறதா, ரோலர்களின் ரப்பர் உரிந்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா. கம்பி தெரிந்தால் ஈரம் உள்ளே இறங்கித் துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது. வண்டி விலையில் புதுப் பெல்ட் விலையைக் கழித்துக் கேளுங்கள். டயரில் பட்டனோடு தயாரித்த தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தும் பக்கச்சுவர் வெடித்த பழைய டயர்கள் நிறையச் சுற்றுகின்றன.

சரிவான நிலம், பழத்தோட்டம்?

பெல்ட்டுக்கு நல்ல இடம். பக்கவாட்டில் எளிதில் சரியாது, உயரம் குறைவு, குறுகலான வரிசைகளுக்குள் நுழையும். குறுகிய செயின் டிராக்டர்கள் மலைச்சரிவுத் தோட்டங்களில் நெடுங்காலமாக ஓடுகின்றன. வரிசைப் பயிருக்குப் பெரிய வண்டி என்றால் 40 முதல் 45 செ.மீ அகலப் பெல்ட் போதும். வரிசைக்கு நடுவில் போகும், பரப்பை நீளம் கொடுத்துவிடும்.

இந்தப் பெல்ட் எப்போது வந்தது, புதிய விஷயமா?

பழையது. 1904இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனுக்குப் பக்கத்தில், கால் வைத்தால் புதையும் கரிமண் நிலத்தில் பெஞ்சமின் ஹோல்ட் தன் நீராவி டிராக்டருக்கு மரப்பலகைகள் கோத்த செயினை மாட்டிச் சோதித்தார். அதற்கு முன் அந்த நிலத்துக்காகச் சக்கரத்தை அகலப்படுத்திக்கொண்டே போய், வண்டியைத் திருப்பவே முடியாத அளவுக்கு வந்துவிட்டார்கள். சேற்றில் பலகை போட்டு அதன் மேல் நடப்பது போன்ற அதே யோசனைதான். டிராக்டருக்குக் காற்றடித்த ரப்பர் டயர் வந்தது அதற்குப் பிறகு, 1932இல் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனத்தின் டிராக்டரில். சாலையிலும் ஓடக்கூடிய ரப்பர் பெல்ட் டிராக்டரை 1980களின் பிற்பகுதியில் கேட்டர்பில்லர் கொண்டுவந்தது.

மண் ஏற்கனவே இறுகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மண்வெட்டி எடுத்துக்கொண்டு பயிர் நிற்கும்போதே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வேர் நேராக இறங்கிக்கொண்டே வந்து ஓர் ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கினால் அங்கே தட்டு இருக்கிறது. தட்டுத் தட்டாகப் பெயரும் மண்ணும் அதன் அடையாளம். மண்ணில் குத்தி அதன் கெட்டித்தன்மையைக் காட்டும் அழுத்தமானி இருந்தால், மண் ஈரமாக இருக்கும்போது குத்திப் பாருங்கள். 300 பிஎஸ்ஐ காட்டும் இடத்தில் பெரும்பாலான வேர்கள் நின்றுவிடும்.

ஆழக்கலப்பை போடுவதாக இருந்தால் தட்டுக்குச் சற்றுக் கீழே மட்டும், மண் காய்ந்திருக்கும்போது மட்டும் போடுங்கள். தளர்த்திய மண்ணை உடனே கனவண்டி ஏறி மிதித்தால் முன்பைவிடக் கெட்டியாகும். நெல் வயலில் அந்தத் தட்டு தேவைப்படுவதால் அங்கே இதைத் தொடவே வேண்டாம்.

மழை பெய்து ஓய்ந்த பிறகு பெல்ட் வண்டி என்றால் சீக்கிரம் இறங்கலாம் அல்லவா?

இறங்க முடியும். பெல்ட்டில் எனக்கு இருக்கும் பெரிய கவலையே இதுதான். டயர் வண்டி புதையும், தடம் விழும், ஓட்டுபவர் பயந்து நிறுத்திவிடுவார். பெல்ட் வண்டி அதே ஈரத்தில் அலுங்காமல் போய்விடும். தடம் தெரியாததால் சேதம் இல்லை என்று தோன்றும். ஆனால் மேலே தடம் விழாமல் போவதும் கீழே மண் இறுகாமல் இருப்பதும் ஒன்றல்ல.

அதனால் வண்டி இறங்குமா என்று பார்க்காதீர்கள், மண் பதமாக இருக்கிறதா என்று பாருங்கள். உழவு ஆழத்துக்குக் கீழேயிருந்து, அதாவது 20, 25 செ.மீ தோண்டி, ஒரு பிடி மண் எடுத்து உருட்டுங்கள். கட்டை விரலால் அழுத்தும்போது உருண்டை உதிர்ந்தால் இறங்கலாம். ரிப்பன் போல நீண்டு வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மேல்மண் வெளுத்துக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் கீழே இப்படித்தான் இருக்கும். உழவு, விதைப்பு என்றால் காத்திருங்கள், பெல்ட் வண்டியானாலும் சரி. அறுவடைக்கு வேறு வழியில்லையென்றால் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், தானிய வண்டியை வயல் ஓரத்திலேயே நிறுத்தி, போன தடத்திலேயே திரும்பி வாருங்கள்.